லினக்ஸ் நிரல் ஃப்ரீபிஎஸ்டியில் பில்ட் ஆகாமல் நின்றால்: பிழைச்செய்தி பார்த்துப் பேட்ச் போடும் முறை

லினக்ஸில் மட்டுமே ஓட்டிப் பார்த்து வெளியிட்ட சி, சி++ நிரல்களை ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்குக் கொண்டுவரும்போது, தடை பெரும்பாலும் நிரலின் கருவில் இருப்பதில்லை. எழுதியவரின் கணினியில் ஜிஎன்யூ மேக் என்ற பில்ட் கருவி இருந்தது, பாஷ் ஷெல் ‘/பின்’ அடைவில் இருந்தது, ஜிலிப்சியின் (லினக்ஸில் வழக்கமான சி லைப்ரரி) ஹெடர்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன. எல்லா இடத்திலும் இப்படித்தான் இருக்கும் என்று நிரல் நம்பிவிட்டது. அதைச் சரிசெய்யும் பேட்ச் (மூலநிரலில் செய்யும் மாற்றங்களைக் கொண்ட கோப்பு) பல சமயம் ஐந்து வரியைத் தாண்டாது. எந்த ஐந்து வரி என்பதைப் பிழைச்செய்தியிலிருந்து பிடிப்பதுதான் வேலை.

கட்டளைகள், கோப்புப் பெயர்கள், பிழைச்செய்திகள் எல்லாம் இங்கே ஒலிப்படி தமிழில் உள்ளன. பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது முக்கியமான இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

தொடங்கும் முன்

தொடாத பிரதி ஒன்று கையில் இருக்கட்டும். போர்ட்ஸ் மரத்துக்குள் (வெளி நிரல்களை ஃப்ரீபிஎஸ்டியில் பில்ட் செய்யும் விதிகளின் தொகுப்பு; ஒரு நிரலுக்கு ஒரு போர்ட்) வேலை செய்வதானால் ‘மேக் எக்ஸ்ட்ராக்ட்’ போட்டுவிட்டு, திருத்தப்போகும் ஒவ்வொரு கோப்பையும் ‘.ஒரிஜ்’ என்ற ஒட்டுடன் நகலெடுத்த பிறகே கை வையுங்கள். முடிவில் ‘மேக் மேக்பேட்ச்’ இரண்டையும் ஒப்பிட்டு, ‘ஃபைல்ஸ்’ அடைவில் பேட்சுகளை எழுதித் தரும்.

பில்டை ஒவ்வொரு வேலையாக ஓட்டுங்கள்: ‘ஜிமேக் -ஜே1 வி=1’ (ஜிமேக் என்பது இங்கே ஜிஎன்யூ மேக்கின் பெயர்). நிஞ்சா என்ற பில்ட் கருவி என்றால் ‘-ஜே1 -வி’. எட்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடினால் உண்மையான பிழை மேலே எங்கோ புதைந்துபோய், கடைசி வரியில் வெறும் ‘எரர் 1’ மட்டும் நிற்கும். முதல் பிழையை மட்டும் சரிசெய்து மறுபடி ஓட்டுங்கள். ஒரு வகைப்பெயர் தெரியாமல் போனால்கூட ஃப்ரீபிஎஸ்டியின் கம்பைலரான கிளாங் 20 பிழைகள் எழுதிவிட்டுத்தான் நிற்கும். அவற்றில் பத்தொன்பது முதல் பிழையின் நிழலாக இருக்கலாம்.

இன்னொன்று: ஓபன்பிஎஸ்டி போர்ட்ஸ், நெட்பிஎஸ்டியின் பிகேஜிஎஸ்ஆர்சி, மஸ்ல் லைப்ரரியில் ஓடும் ஆல்பைன் லினக்ஸ் ஆகியவற்றின் தொகுப்புகளில் அதே நிரலுக்கு ஏற்கனவே பேட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிலிப்சியைச் சார்ந்த பிழைகள் அங்கேயும் இதே வடிவில்தான் வந்திருக்கும்.

அறிகுறி: ‘மிஸ்ஸிங் டிபெண்டன்சி ஆபரேட்டர்’, ‘நீட் ஆன் ஆபரேட்டர்’, ‘இன்வேலிட் லைன்’

ஃப்ரீபிஎஸ்டியின் ‘மேக்’ பிஎஸ்டி மேக். ‘இஃப்ஈக்யூ’, ‘எண்டிஃப்’ போன்ற ஜிஎன்யூ வரிகளை அது சார்புவரியாக எண்ணிப் படிக்கப் பார்த்துத் தடுக்கி விழுகிறது. இதற்குப் பேட்ச் வேண்டாம். ‘ஜிமேக்’ தொகுப்பை நிறுவி அதைக்கொண்டு ஓட்டுங்கள். போர்ட் என்றால் அதன் மேக்ஃபைலில் ‘யூசஸ்=ஜிமேக்’ ஒன்றே போதும்.

ஜிமேக்கில் தொடங்கியும் பாதியில் அதே பிழை வந்தால், லாகில் வரியின் தொடக்கத்தைப் பாருங்கள். ‘ஜிமேக்[1]’ என்று வர வேண்டிய இடத்தில் ‘மேக்[1]’ என்றிருந்தால், மேக்ஃபைலுக்குள் யாரோ ‘மேக் -சி (பெரிய சி) துணைஅடைவு’ என்று நேரடியாக எழுதியிருக்கிறார்கள். ‘மேக்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு டாலர் அடைப்புக்குள் பெரிய எழுத்து ‘மேக்’ மாறியை வையுங்கள். லினக்ஸுக்கும் அதுதான் சரி.

‘ஜிசிசி: நாட் ஃபவுண்ட்’ என்றால் ‘சிசி = ஜிசிசி’ என்ற வரி காரணம். அந்த வரியை நீக்கிவிட்டால் ஜிமேக் தன் உள்ளிருப்பு மதிப்பான ‘சிசி’யை, அதாவது கிளாங்கை எடுத்துக்கொள்ளும்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று. ‘சிஃப்ளாக்ஸ்’ மாறியை ஜிமேக்கின் கட்டளை வரியிலேயே கொடுத்தால், மேக்ஃபைலுக்குள் ‘+=’ போட்டுச் சேர்த்த கொடிகள் (கம்பைலருக்கான தெரிவுகள்) எல்லாம் காணாமல் போகும்; கட்டளை வரி மதிப்பே வெல்லும். திட்டத்தின் சொந்த ஹெடரே கிடைக்கவில்லை என்று புதுப்பிழை வரும், நீங்கள் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள். சூழல் மாறியாகக் கொடுத்தால் ‘+=’ வேலை செய்யும், ஆனால் மேக்ஃபைலில் ‘சிஃப்ளாக்ஸ் = -ஓ2’ என்று சமக்குறி இருந்தால் உங்கள் மதிப்பு அழிந்துவிடும். பேட்ச் போட வேண்டிய இடம் அதுதான்: அந்தச் சமக்குறியை ‘?=’ ஆக்கி, கட்டாயக் கொடிகளை அடுத்த வரியில் ‘+=’ போட்டு எழுதுங்கள்.

அறிகுறி: கோப்பு கண்முன் இருக்கிறது, ‘நாட் ஃபவுண்ட்’ என்கிறது

‘எல்எஸ்’ போட்டால் ‘பில்ட்.எஸ்ஹெச்’ தெரிகிறது, ஓட்டினால் இல்லை என்கிறது. இல்லாதது அந்தக் கோப்பு அல்ல, அதன் முதல் வரியில் உள்ள ‘/பின்/பாஷ்’. ஃப்ரீபிஎஸ்டியில் பாஷ் தொகுப்பாக வருவது. அதன் இடம் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்’. முதல் வரியை ‘#!/யூஎஸ்ஆர்/பின்/என்வ் பாஷ்’ என்று மாற்றுங்கள். போர்ட்டில் ‘யூசஸ்=ஷீபாங்ஃபிக்ஸ்’ போட்டு எந்தக் கோப்புகள் என்று சொன்னால் அது இதைச் செய்யும். முதல் வரி சரியாக இருந்தும் அதே செய்தி வந்தால், அந்த வரியை ‘ஹெக்ஸ்டம்ப் -சி’ (பெரிய சி) வழியாகப் பாருங்கள். கடைசியில் ‘0ஏ’ மட்டும் இருக்க வேண்டும். ‘0டி 0ஏ’ என்றிருந்தால் கோப்பு விண்டோஸ் வரிமுடிவுடன் வந்திருக்கிறது. அந்த ‘0டி’யும் பாஷின் பெயரோடு சேர்ந்துவிடுகிறது.

‘செட்: இன்வேலிட் கமாண்ட் கோட்’ என்ற செய்தி, கோப்பின் உரையை மாற்றும் ‘செட் -ஐ’ (சின்ன ஐ) கட்டளையால் வருவது. பிஎஸ்டி செட்டில் அந்தக் கொடிக்குப் பின் காப்புப்பிரதியின் ஒட்டு கட்டாயம். எனவே மாற்றுக்கட்டளையை ஒட்டாகவும், கோப்பின் பெயரைக் கட்டளையாகவும் அது எடுத்துக்கொள்கிறது. ‘செட் -ஐ -ஈ’ என்று எழுதியிருந்தால் பிழையே வராது, வேலையும் நடக்கும். ஆனால் ‘மேக்ஃபைல்-ஈ’ என்ற பெயரில் ஒரு விசித்திரக் கோப்பு அடைவில் மிஞ்சும். இரண்டு செட்டுக்கும் பொதுவான வடிவம், இடைவெளி விடாமல் ‘-ஐ.பேக்’ என்று ஒட்டை இணைத்து எழுதுவது.

‘இன்ஸ்டால் -டி’ (பெரிய டி) அதே குடும்பம். ஜிஎன்யூவில் அது இலக்கு அடைவுகளை உருவாக்கும் கொடி. பிஎஸ்டியில் அது ஒரு மதிப்பு கேட்கும். அடுத்து நிற்கும் ‘-எம்’ கொடியையே மதிப்பாக விழுங்கிவிடும். ‘இன்ஸ்டால் -டி’ (சின்ன டி) போட்டு அடைவை முதலில் உருவாக்கி, அடுத்த வரியில் கோப்பை நிறுவும்படி இரண்டாகப் பிரியுங்கள்.

‘அன்சப்போர்ட்டட் ஆர்க்கிடெக்சர்: ஏஎம்டி64’ வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ‘யூநேம் -எம்’ லினக்ஸில் ‘எக்ஸ்86_64’ என்பதை இங்கே ‘ஏஎம்டி64’ என்கிறது. லினக்ஸின் ‘ஏஆர்ச்64’ இங்கே ‘ஏஆர்எம்64’. ஸ்கிரிப்டில் அந்தக் கிளையில் இன்னொரு பெயரைச் சேர்த்தால் முடிந்தது.

அறிகுறி: ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று ஹெடரில் நிற்கிறது

முதலில் ஒரு கேள்வி: அந்த ஹெடர் நீங்கள் நிறுவிய தொகுப்பினுடையதா, லினக்ஸினுடையதா? ‘பிஎன்ஜி.ஹெச்’ போன்றது என்றால் கோப்பு ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட்’ அடைவில் பத்திரமாக இருக்கிறது. அடிப்படைக் கம்பைலர் அங்கே தானாகப் போய்த் தேடாது, அவ்வளவுதான். ‘சிபிபிஃப்ளாக்ஸ்’ மாறியில் பெரிய ஐ கொடியோடு அந்த அடைவையும், ‘எல்டிஃப்ளாக்ஸ்’ மாறியில் பெரிய எல் கொடியோடு ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்’ அடைவையும் கொடுங்கள். போர்ட்டில் ‘யூசஸ்=லோக்கல்பேஸ்’. மூலநிரலில் இந்தப் பாதையை எழுதிப் பேட்ச் போட வேண்டாம். வேறொருவரின் கணினியில் அதுவே அடுத்த பிழையாகும்.

லினக்ஸின் ஹெடர் என்றால்தான் மூலநிரலைத் தொட வேண்டும். ‘மல்லாக்.ஹெச்’ சற்று வித்தியாசமானது: கோப்பு இருக்கிறது, ஆனால் ‘ஸ்டிட்லிப்.ஹெச் இதற்குப் பதிலாக வந்துவிட்டது’ என்ற பொருளில் வேண்டுமென்றே பிழை எழுப்பும். அந்த வரியை நீக்கி ‘ஸ்டிட்லிப்.ஹெச்’ போடுங்கள், ‘மல்லாக்_யூசபிள்_சைஸ்’ வேண்டுமென்றால் ‘மல்லாக்_என்பி.ஹெச்’. ‘அல்லோகா.ஹெச்’ தேவையில்லை, அதுவும் ஸ்டிட்லிபில் உண்டு. ‘பிடிஒய்.ஹெச்’ கேட்டால் ‘லிபூட்டில்.ஹெச்’, லிங்க் வரியில் ‘-எல்யூட்டில்’. ‘எரர்.ஹெச்’ ஜிலிப்சிக்கே உரியது, ‘எர்ர்.ஹெச்’சில் உள்ள ‘எர்ர்’, ‘வார்ன்’ ஆகியவற்றால் அதை ஈடுகட்டலாம். ‘சிஸ்/விஎஃப்எஸ்.ஹெச்’ கேட்கும் இடத்தில் ‘சிஸ்/பேராம்.ஹெச்’, ‘சிஸ்/மவுண்ட்.ஹெச்’ இரண்டையும் இதே வரிசையில் சேருங்கள். ‘சிஸ்/சிஸ்இன்ஃபோ.ஹெச்’ பெரும்பாலும் மொத்த நினைவகம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளவே இழுக்கப்படுகிறது. ‘சிஸ்கான்ஃப்’ வழியாகப் பக்க எண்ணிக்கையையும் பக்க அளவையும் வாங்கிப் பெருக்கினால் இரண்டு அமைப்பிலும் ஓடும். ‘சிஸ்/ஈபோல்.ஹெச்’ பெரிய விஷயம்: பல இணைப்புகளை ஒரே இடத்தில் கண்காணிக்கும் லினக்ஸ் வசதி அது. ஃப்ரீபிஎஸ்டியின் வழி கேக்யூ, 4.1 வெளியீட்டிலிருந்தே இருப்பது. நிரல் முழுவதையும் கேக்யூவுக்கு மாற்றி எழுதும் முன், ‘லிப்ஈபோல்-ஷிம்’ தொகுப்பை வைத்து முயன்று பாருங்கள். ஈபோல், டைமர்எஃப்டி, சிக்னல்எஃப்டி எல்லாவற்றையும் அது கேக்யூ மேல் ஏற்றித் தருகிறது.

ஹெடர் மாற்றும்போது ‘__ஃப்ரீபிஎஸ்டி__’ என்ற மேக்ரோவை வைத்துக் கிளை பிரிப்பது எல்லோருக்கும் வரும் முதல் யோசனை. தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ‘__ஹேஸ்_இன்க்ளூட்’ வைத்தோ கன்ஃபிகர் (பில்டுக்கு முன் அமைப்பைச் சோதிக்கும் ஸ்கிரிப்ட்) சோதனை வைத்தோ, வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ‘எண்டியன்.ஹெச்’ பழைய ஃப்ரீபிஎஸ்டியில் இல்லை, ‘சிஸ்/எண்டியன்.ஹெச்’ மட்டும், புதிய வெளியீடுகளில் இரண்டும் உண்டு. அமைப்பின் பெயரைக் கேட்ட பேட்சை வெளியீட்டுக்கு வெளியீடு திருத்த வேண்டிவரும். வசதியைக் கேட்ட பேட்ச் ஓபன்பிஎஸ்டியிலும் அப்படியே வேலை செய்யும்.

அறிகுறி: ஹெடர் கிடைத்தது, பெயர்தான் தெரியவில்லை

‘இன்கம்ப்ளீட் டைப் ஸ்ட்ரக்ட் சாக்அட்ர்_இன்’ என்றால், ஜிலிப்சியில் ‘ஆர்ப்பா/ஐநெட்.ஹெச்’ தானாக இழுத்து வந்ததை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்: ‘சிஸ்/சாக்கெட்.ஹெச்’, ‘நெட்ஐநெட்/இன்.ஹெச்’ இரண்டையும் சேருங்கள்.

‘அன்நோன் டைப் நேம் யூ_இண்ட்’ என்று பிழை கணினியின் சொந்த ஹெடருக்குள்ளேயே வந்தால் குழப்பம் அதிகம். ஹெடரில் குறை இல்லை. மூலநிரலின் மேலேயோ மேக்ஃபைலிலோ ‘_போசிக்ஸ்_சி_சோர்ஸ்’ அல்லது ‘_எக்ஸ்ஓபன்_சோர்ஸ்’ வரையறுக்கப்பட்டிருக்கும். ஃப்ரீபிஎஸ்டி அதை அப்படியே கேட்டுக்கொண்டு, போசிக்ஸில் (யூனிக்ஸ் வகை அமைப்புகளின் பொதுத் தரம்) இல்லாத எல்லாப் பெயர்களையும் மறைத்துவிடுகிறது. ஜிலிப்சியில் ‘_ஜிஎன்யூ_சோர்ஸ்’ கூட நின்று அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடும். இங்கே அப்படி ஒரு தளர்வு இல்லை. அந்த வரையறையை நீக்குவதுதான் பேட்ச்.

‘ஈநோடேட்டா’ தெரியவில்லை என்றால், நீட்டிப்புப் பண்புகளைப் படிக்கும் நிரலில் ‘ஈநோஅட்ர்’ அதற்கு ஈடு. ‘ஈடைம்’ இருக்கும் இடத்தில் ‘ஈடைம்ட்அவுட்’.

அறிகுறி: ‘கால் டு அன்டிக்ளேர்ட் ஃபங்ஷன்’

கிளாங் 16 முதல் இது நேரடிப் பிழை, ஃப்ரீபிஎஸ்டி 14.0 அந்தக் கம்பைலரோடுதான் வந்தது. முன்பு வெறும் எச்சரிக்கையாக இருந்ததால், கொடி போட்டு மறுபடி எச்சரிக்கையாக்கிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். அறிவிக்கப்படாத ஃபங்ஷன் ‘இண்ட்’ தருவதாகக் கம்பைலர் எடுத்துக்கொள்ளும். அது உண்மையில் ஒரு முகவரியைத் தந்தால், 64 பிட்டில் கீழ் 32 பிட் மட்டும் தப்பும். பில்ட் முடியும், நிரல் ஓடும்போது அரைமுகவரியைத் தொட்டு விழும்.

பெரும்பாலும் ஜிலிப்சியின் தனிச்சரக்குகள்தான் இங்கே சிக்கும். ‘கெனானிகலைஸ்_ஃபைல்_நேம்’ இருக்குமிடத்தில் ‘ரியல்பாத்’தை இரண்டாம் மதிப்பு ‘நல்’ கொடுத்து அழையுங்கள். ‘புரோகிராம்_இன்வோகேஷன்_ஷார்ட்_நேம்’ என்பதற்கு ‘கெட்ப்ராக்நேம்’. ‘பேஸ்நேம்’ என்றால் ‘லிப்ஜென்.ஹெச்’ சேர்க்க வேண்டும், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள்: ஜிஎன்யூவின் பேஸ்நேம் கொடுத்த சரத்தைத் தொடாது, ஃப்ரீபிஎஸ்டி 12 முதல் உள்ளது அதன்மேலேயே எழுதும். முதலில் ‘ஸ்டிர்டப்’ போட்டு நகலைக் கொடுங்கள்.

‘சென்ட்ஃபைல்’ இரண்டு அமைப்பிலும் உண்டு, பெயர் மட்டும்தான் ஒன்று. லினக்ஸில் நான்கு மதிப்புகள், முதலில் சாக்கெட், பிறகு கோப்பு. ஃப்ரீபிஎஸ்டியில் ஏழு மதிப்புகள், முதலில் கோப்பு, பிறகு சாக்கெட். எண்ணிக்கை மாறியதைக் கம்பைலர் பிடித்துக்கொடுக்கும். வரிசை மாறியதைப் பிடிக்காது, இரண்டும் ‘இண்ட்’. திரும்பும் மதிப்பும் வேறு: லினக்ஸ் அனுப்பிய பைட்டுகளின் எண்ணிக்கையைத் தரும், இங்கே வெற்றி என்றால் 0, எண்ணிக்கை ஆறாவது மதிப்பின் வழியாக வரும். தடுக்காத சாக்கெட்டில் ‘ஈஏகெய்ன்’ பிழை வந்தாலும் பாதி அனுப்பப்பட்டிருக்கலாம். அந்த ஆறாவது மதிப்பைப் படிக்காமல் மறுபடி அனுப்பினால் பெறுபவருக்கு ஒரே துண்டு இருமுறை போகும்.

அறிகுறி: லிங்கரில் ‘அன்டிஃபைன்ட் சிம்பல்’

லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் கருவி) தேடிக் கிடைக்காத சிம்பலின், அதாவது ஃபங்ஷன் அல்லது மாறியின், பெயரையே பாருங்கள். ‘லிபின்டில்_’ என்று தொடங்கினால் ‘-எல்இன்டில்’ விடுபட்டது. ‘பேக்ட்ரேஸ்’ என்றால் ‘-எல்எக்செக்இன்ஃபோ’. ‘-எல்எஸ்டிடிசி++’ கிடைக்கவில்லை என்றால் ‘-எல்சி++’. ‘-எல்டிஎல்’ பழைய வெளியீடுகளில் இருக்காது. ‘டிஎல்ஓபன்’ சி லைப்ரரிக்குள்ளேயே இருப்பதால் அதை எடுத்துவிடலாம்.

‘லிபைகான்வ்_ஓபன்’ கொஞ்சம் நுணுக்கமானது. ஃப்ரீபிஎஸ்டி 10 முதல் அடிப்படை அமைப்பிலேயே எழுத்துக் குறியாக்கங்களை மாற்றும் ஐகான்வ் உண்டு. வேறு ஏதோ தொகுப்பு ஜிஎன்யூ லிபைகான்வை இழுத்துவந்து, அதன் ஹெடர் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ அடைவில் உட்கார்ந்துவிட்டால், கம்பைலர் அதைப் படித்து ஃபங்ஷன் பெயரை மாற்றிவிடும். லிங்கரோ அடிப்படை லைப்ரரியில் தேடும். ‘-எல்ஐகான்வ்’ சேர்க்கலாம், அல்லது ‘லிபைகான்வ்_பிளக்’ என்ற மேக்ரோவை வரையறுத்தால் ஹெடர் பெயரை மாற்றாது. அடிப்படை ஐகான்வே போதும் என்றால் இரண்டாவதே நல்லது, சார்பு ஒன்று குறையும்.

பகிர்வு லைப்ரரி லிங்க் ஆகும்போது ‘என்விரான்’ இல்லை என்று வந்தால், ‘--நோ-அன்டிஃபைன்ட்’ கொடி காரணம். பல வெளியீடுகளில் அந்தச் சிம்பல் நிரல்களோடு மட்டும் சேரும் தொடக்கக் கோப்பான ‘சிஆர்டி1.ஓ’வில் இருக்கிறது, லைப்ரரி லிங்கில் அது வராது. கொடியை எடுங்கள்; மேசான் என்ற பில்ட் கருவி என்றால் ‘பி_எல்அன்டெஃப்=ஃபால்ஸ்’.

‘டூப்ளிகேட் சிம்பல்’ என்றால் ஹெடருக்குள் மாறி ‘எக்ஸ்டர்ன்’ இல்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. கிளாங் 11 முதல் இது மன்னிக்கப்படுவதில்லை. ஹெடரில் எக்ஸ்டர்ன் சேர்த்து, ஒரே ஒரு ‘.சி’ கோப்பில் மாறியை வரையறுங்கள்.

அறிகுறி: பில்ட் ஆகிறது, ஓடும்போது விழுகிறது

நிரல் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் ‘ட்ரஸ்’ கட்டளையின் கீழ் அதை ஓட்டுங்கள். ‘/ப்ராக்/செல்ஃப்/எக்ஸி’ திறக்கப் பார்த்து ‘எர்ர்#2’ வாங்கியிருந்தால் விடை கிடைத்தது: ‘/ப்ராக்’ இங்கே இயல்பாக மவுண்ட் ஆவதில்லை. நிரலின் சொந்தப் பாதையை ‘சிஸ்சிடிஎல்’ வழியாக ‘கெர்ன்_ப்ராக்_பாத்நேம்’ கேட்டு, செயல் எண்ணாக -1 கொடுத்து வாங்கலாம்.

தனி இழையில் (த்ரெட்) ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே ஆழமாக அழைக்கும் நிரல் விழுந்தால் அடுக்கின் (ஸ்டேக்) அளவைச் சந்தேகியுங்கள். லினக்ஸில் வழக்கமாக 8 எம்பி, இங்கே 64 பிட்டில் 2 எம்பி. ‘பித்ரெட்_அட்ர்_செட்ஸ்டேக்சைஸ்’ வைத்துக் கேட்டு வாங்குங்கள்.

வரிசைப்படுத்தும் ஃபங்ஷனான ‘க்யூசார்ட்_ஆர்’ எச்சரிக்கையே இல்லாமல் கொல்லும். ஃப்ரீபிஎஸ்டி 13 வரை, ஜிஎன்யூவில் நான்காவதாக வரும் ஒப்பீட்டு ஃபங்ஷன் ஐந்தாவது. கூடுதல் தரவு நான்காவது. தரவு ‘வாய்ட்’ சுட்டியாக இருந்தால் கிளாங் இரண்டையும் இடம் மாற்றி வாங்கிக்கொள்ளும், ஒன்றும் சொல்லாது. ஓடும்போது தரவின் முகவரிக்கே தாவிவிடும். எல்எல்டிபி என்ற டீபக்கரில் மேல் சட்டகம் எந்த ஃபங்ஷனுக்குள்ளும் இல்லாத முகவரியைக் காட்டினால் இதுதான். 14.0 ஜிஎன்யூ வரிசைக்கு மாறியது, மேக்ஓஎஸ் பழைய வரிசையிலேயே நிற்கிறது. அமைப்பின் பெயரை வைத்துக் கிளை பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். கன்ஃபிகரில் ஒரு சிறு சோதனை நிரலை ஓட்டி வரிசையைக் கண்டறியுங்கள்.

அறிகுறி: பேட்சே ஒட்டவில்லை

‘ஃபைல் டு பேட்ச்:’ என்று கேட்டு நின்றால் பாதையின் ஆழம் தவறு. கிட் தரும் பேட்சில் ‘ஏ/’, ‘பி/’ முன்னொட்டு உண்டு, அதற்கு ‘-பி1’. போர்ட்ஸின் பேட்சுகள் ‘-பி0’.

‘ஹங்க் ஃபெயில்ட்’ (பேட்சின் ஒரு துண்டு ஒட்டவில்லை) என்று வந்து, கண்ணுக்கு வரிகள் ஒன்றாகவே தெரிந்தால் வெள்ளையிடத்தைப் பாருங்கள்: உலாவியில் இருந்து ஒட்டியதில் டேப் இடைவெளியாக மாறியிருக்கும், அல்லது கோப்பில் அந்த ‘0டி’ இருக்கும். பின்னதற்கு ‘யூசஸ்=டாஸ்2யூனிக்ஸ்’. ‘மால்ஃபார்ம்ட் பேட்ச்’ என்றால் பேட்சைக் கையால் திருத்தியபோது எண்ணிக்கை பிசகிவிட்டது. ‘@@ -12,7 +12,9 @@’ என்பதன் பொருள், பழைய கோப்பின் 12ஆம் வரியிலிருந்து 7 வரிகள், புதியதில் 9. ஒரு வரி கூட்டினால் 9ஐ 10 ஆக்க வேண்டும். ‘ஆஃப்செட்’ (வரி எண் மட்டும் தள்ளியிருக்கிறது) என்ற செய்தி பரவாயில்லை. ‘ஃபஸ்’ (சுற்றுவரிகள் முழுதாகப் பொருந்தவில்லை) வந்தால் ஒட்டிய இடத்தைத் திறந்து பாருங்கள், பக்கத்து ஃபங்ஷனில் போய் ஒட்டியிருக்கலாம்.

பேட்ச் ஒட்டிய பின் ‘ஏலோக்கல்-1.16 மிஸ்ஸிங்’ என்று பில்ட் புலம்பினால், நீங்கள் ‘கன்ஃபிகர்.ஏசி’யைத் தொட்டதால் அது புதிய தேதி பெற்றுவிட்டது. ஆட்டோமேக் எல்லாவற்றையும் மறுபடி உருவாக்கப் பார்க்கிறது. போர்ட்டில் ‘யூசஸ்=ஆட்டோரீகான்ஃப்’ சேருங்கள்.

மூல ஆசிரியருக்கு அனுப்பும்போது ஒரு பிழைக்கு ஒரு பேட்ச் என்று பிரித்து, பிழைச்செய்தியின் முதல் வரி, ஃப்ரீபிஎஸ்டி வெளியீடு, கிளாங் பதிப்பு மூன்றையும் விளக்கத்தில் எழுதுங்கள். அதே பேட்ச் ஒட்டிய மூலநிரல் லினக்ஸிலும் பில்ட் ஆனதா என்று பார்த்துவிட்டு அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.